பொல்கொட ஏரிக்கு எந்தப் பொன்டூன்: அலுமினியமா, ஃபைபரா?

அக்கா குடும்பமும் நாங்களும் சேர்ந்து ஒரு பொன்டூன் படகு (இரண்டு நீள மிதவைகளின் மேல் தட்டையான தளம் போட்ட படகு) வாங்குவதென்று இந்தத் தைப்பொங்கலன்று முடிவாயிற்று. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற எங்களுக்கு ரயில் பாதையைத் தாண்டினால் கடல். ஆனால் அந்தக் கடலில் அம்மாவையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. பொல்கொட ஏரி அப்படியில்லை. காலையில் நெரிசலுக்கு முன் புறப்பட்டால் முக்கால் மணித்தியாலத்தில் போய்விடலாம். தண்ணீர் அமைதியானது, கரையெங்கும் மரம், பார்க்கப் பறவைகள் நிறைய. வருடத்தில் நாலைந்து தடவை வாடகைப் படகில் போய்வந்தோம். அம்மா வாய் திறந்து சிரிக்கிற நாட்கள் அவைதான். அதனால்தான் சொந்தமாக ஒன்று.

புதுப் படகுக்கு எங்களிடம் காசில்லை. பாவித்த படகுகள் பலவற்றைப் பார்த்து, கடைசியில் இரண்டில் வந்து நின்றோம். ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்த 18 அடி அலுமினியப் பொன்டூன். 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், மெத்தை வைத்த இருக்கைகள், துணிக்கூரை. மற்றது இங்கேயே செய்த 20 அடி ஃபைபர் இரட்டையுடல் படகு. 25 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், நிரந்தரக் கூரை, இருக்கைக்குப் பதில் பிளாஸ்டிக் கதிரைகள். முதலாவதன் விலை இரண்டாவதைப் போல் ஒன்றரை மடங்கு. இரண்டையும் மூன்று தடவை போய்ப் பார்த்தோம். இதே யோசனையில் இருக்கிற வேறு குடும்பங்களுக்கும் உதவும் என்பதால், பார்த்ததையும் யோசித்ததையும் எழுதுகிறேன்.

முதல் நாள் பிள்ளைகளைக் கூட்டிப் போனது பிழையாகப் போயிற்று. அலுமினியப் படகில் ஏறிய உடனேயே அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பார்க்க அவ்வளவு வடிவு. வெயில் பட்டால் உருளைகள் மின்னும். சுற்றிவர இருக்கை இருப்பதால் எட்டுப் பேரும் முகம் பார்த்து உட்காரலாம், நடுவில் சோத்துப் பார்சல்களை விரிக்கலாம். எனக்கும் மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. அத்தான் மட்டும், "கீழே என்ன இருக்கெண்டு பாக்காமல் ஒண்டும் பேசாதையும்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று.

இந்தப் படகு எந்தத் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். 1952இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அம்புரோஸ் வீரெஸ் என்ற விவசாயி, இரண்டு உருக்கு உருளைகளின் மேல் மரத்தளம் ஒன்றைப் பொருத்தி ஏரியில் விட்டார். இன்றைய பொன்டூன் படகுகளின் தொடக்கம் அதுதான். உருக்கு பின்னர் அலுமினியமாக மாறியது. அந்த ஏரிகள் நன்னீர் ஏரிகள். குளிர்காலத்தில் உறைந்துவிடும் என்பதால் படகைக் கரையேற்றி மாதக்கணக்கில் காயவிடுவார்கள். பொல்கொடவிலோ பாணந்துறை முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து கலக்கிறது. பாணந்துறையை நெருங்க நெருங்க உப்பு கூடும். எங்களிடம் ட்ரெய்லர் இல்லை, மாடி வீட்டில் படகை நிறுத்த இடமும் இல்லை. ஆகவே பன்னிரண்டு மாதமும் படகு அந்த உவர்நீரிலேயே கிடக்கப் போகிறது.

உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு வேறொரு உலோகம் சேர்ந்து நின்றால் அது ஒரு பற்றரி மாதிரி வேலை செய்யும். எவர்சில்வர் ஆணியோ, வண்ணப்பூச்சில் இருக்கிற செம்போ, எதுவானாலும் கரைந்துபோவது அலுமினியம்தான். இதற்காகத்தான் உருளையின் பக்கத்தில் ஒரு பலி உலோகத் துண்டைப் பொருத்துவார்கள். அலுமினியத்துக்குப் பதில் அது கரையும், அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். நன்னீருக்கு மக்னீசியம், உப்புநீருக்குத் துத்தநாகம் அல்லது அதற்கென்றே கலந்த அலுமினியம் என்று தண்ணீருக்கேற்பத் துண்டு மாறும். நாங்கள் பார்த்த படகில் அந்தத் துண்டு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. அதைவிடக் கவலையானது அடிப்பக்கத்தில் சிவப்புப் பூச்சு. சிப்பி பிடிக்காமல் இருக்கச் சாதாரண மீன்பிடி வள்ளங்களுக்கு அடிக்கிற பூச்சுத்தான் என்றார் விற்பவர். அந்த வகைப் பூச்சுகளில் பெரும்பாலும் செம்பு இருக்கும். மரத்துக்கும் ஃபைபருக்கும் அது நல்லது, அலுமினியத்துக்கு நஞ்சு.

இரண்டாம் தடவை போனபோது படகைக் கரைக்கு இழுத்து வைத்திருந்தார்கள். ஒட்டியிருந்த சிப்பிகளை ஒரு இருபது ரூபாய்க் குற்றியால் சுரண்டிப் பார்த்தேன். சிப்பி விழுந்த இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள். அதை விரலால் துடைத்தால் கீழே கடுகளவு குழி, என் நகநுனி உள்ளே போகிற ஆழம். ஒரு சாண் இடத்துக்குள் ஒன்பது குழி எண்ணினேன். இந்த உருளைகளின் தகடு 2 மில்லிமீற்றர், கூடினால் இரண்டரை. அதில் ஒரு மில்லிமீற்றர் குழி என்றால் பாதித் தகடு போய்விட்டது என்றுதான் அர்த்தம். மேலிருந்து பார்த்தால் இவை ஒன்றும் தெரியாது. பாவித்த அலுமினியப் படகைத் தண்ணீரில் வைத்தே பார்த்து யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

உருளைக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. படகு வெறுமையாக, ஆட்கள் யாரும் ஏறாமல் மிதக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று, நாலு மூலையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் படகின் பின் இடது மூலை இரண்டு விரலளவு தாழ்ந்திருந்தது. எஞ்சின் நடுவில் இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தாழக் காரணமில்லை. உருளைக்குள் இடைத்தடுப்புகள் வைத்துத் தனித்தனி அறைகளாக மூடியிருப்பார்கள். ஒரு அறை ஓட்டையானாலும் படகு மூழ்காது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து, மேலே சவர்க்காரத் தண்ணீர் பூசி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை.

ஃபைபர் படகில் இந்த விஷயம் வேறு மாதிரி. இரண்டு உடல்களிலும் மும்மூன்று அறைகள், ஒவ்வொன்றுக்கும் வட்ட மூடி. மூடியைத் திருகித் திறந்து டோர்ச் அடித்து உள்ளே பார்த்தோம். ஐந்து அறைகள் காய்ந்திருந்தன. ஆறாவதில் மூடியின் ரப்பர் இறுகிப்போய் அரை வாளி மழைத்தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார் அத்தான். உப்பில்லை, அதனால் அது மேலிருந்து வந்தது, அடியால் வரவில்லை. ரப்பரை மாற்றினால் சரி. பழுதைக் கண்ணால் காணக்கூடிய படகு என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதற்காக ஃபைபரில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பல வருடம் தண்ணீரில் கிடந்தால் மேற்பூச்சுக்குக் கீழே ஈரம் போய்க் கொப்புளம் கிளம்பும். இதிலும் வலது உடலில் சுண்டுவிரல் நக அளவில் சில இருந்தன. சில படகுகளில் அறைக்குள் ஸ்பொஞ்ச் நிரப்பியிருப்பார்கள், அது தண்ணீர் குடித்துவிட்டால் படகு பாரமாகிவிடும். இன்னொரு முக்கியமான இடம் எஞ்சின் தொங்குகிற பின்பலகை. ஃபைபருக்குள் பிளைவூட் வைத்துச் செய்திருப்பார்கள், ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் போனால் உள்ளே உக்கிவிடும். கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், உக்கிய இடம் பூசணிக்காயைத் தட்டுவது போல மந்தமாகக் கேட்கும். அப்புறம் எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சினோடு பலகையும் அசைந்தால் அந்தப் படகை விட்டுவிடலாம். இது அசையவில்லை.

அலுமினியப் படகின் தளமும் பிளைவூட்தான், மேலே கம்பளம். கம்பளம் இருப்பதால் தளம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வெறுங்காலோடு அடிமேல் அடி வைத்து முழுத் தளத்தையும் நடந்து பார்த்தேன். பின்பக்கம் எஞ்சினுக்குக் கிட்ட ஒரு இடத்தில் குதிக்கால் பாணில் அமிழ்வது போல அமிழ்ந்தது. தளம் முழுவதையும் மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் இருக்கை, கம்பி, எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

பழுது பார்க்கிற வசதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொரட்டுவையிலும் பாணந்துறையிலும் ஃபைபர் வேலை தெரிந்த கைகள் நிறைய. மீன்பிடி வள்ளங்கள் பெரும்பாலும் ஃபைபராகிவிட்ட நாட்டில் ஃபைபர் மெற்றும் (கண்ணாடியிழை விரிப்பு) அதை ஒட்டுகிற ரெசினும் எங்கும் கிடைக்கும். குழி விழுந்த மெல்லிய அலுமினியத் தகட்டை ஒட்டுவதோ நுட்பமான வேலை. அது தெரிந்தவர்கள் குறைவு, கூலியும் கூட.

எஞ்சின் பார்க்க எங்களோடு வந்தவர் மீன்பிடி எஞ்சின்களிலேயே காலம் போக்கிய ஒரு பாஸ் (கைதேர்ந்த வேலைக்காரர்). மூன்று விஷயம் பார்த்தார். முதலாவது கியர் எண்ணெய். எஞ்சினின் அடிக்காலில் இருக்கிற கீழ்த் திருகாணியைத் தளர்த்தி முதல் சில சொட்டை உள்ளங்கையில் ஏந்தினார். எண்ணெய் தேன் மாதிரித் தெளிவாக வரவேண்டும். டூ ஸ்ட்ரோக்கிலிருந்து வந்தது பால் தேத்தண்ணி நிறம். சீல் போய்த் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. ஒன்றும் பேசாமல் கையை எங்களிடம் நீட்டிக் காட்டினார். இரண்டாவது, சிலிண்டர்களின் அமுக்கம். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்றார். இதில் இரண்டு எஞ்சினும் தேறின. மூன்றாவது, ஓடும்போது பின்னால் பீய்ச்சுகிற சிறு நீர்த்தாரை. அது நின்றால் எஞ்சின் குளிரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் படகின் தாரை மெலிந்திருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகிற வாயிலில் ஆகாயத்தாமரை வேர் அடைத்திருந்ததை எடுத்ததும் சரியாயிற்று. அந்தச் செடி மண்டிய ஏரிகளில் படகோட்டுபவர்கள் இதை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, முழு வேகத்தில் ஓடும் எஞ்சின் பத்துக் குதிரைவலுவுக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 4 லீற்றர் பெற்றோல் குடிக்கும் என்பது பொதுவான கணக்கு. 40க்கு 15, 16 லீற்றர், 25க்குப் பத்து. பழைய டூ ஸ்ட்ரோக் இதைவிடக் கொஞ்சம் கூடவே குடிக்கும், 50 லீற்றருக்கு ஒரு லீற்றர் என்று எண்ணெயும் கலக்க வேண்டும். 2022இல் பெற்றோலுக்காக வரிசையில் நின்ற யாருக்கும் இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. சத்தமும் புகையும் வேறு. டூ ஸ்ட்ரோக் ஓடும்போது பின் இருக்கையில் இருந்த அக்கா முன்னால் இருந்த என் மனைவியோடு பேசக் கத்த வேண்டியிருந்தது.

ஆனால் வலு ஒரு பக்கம் முக்கியம்தான், அதில் அலுமினியப் படகுக்கே புள்ளி. பொன்டூன்கள் தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்பவை. கூரையும் சேர்ந்தால் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்போது, ஏரியின் அகலமான பகுதியில் பாரமான ஃபைபர் உடலை 25 குதிரைவலு மெல்லத்தான் தள்ளும். சோதனை ஓட்டத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் வேகம்கூட வரவில்லை. எங்களுக்கு வேகம் தேவையில்லை, ஆனால் மழை இருட்டிக்கொண்டு வரும்போது கரை சேர வேண்டும். மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் மேல் மாகாணத்தில் பின்னேரமானால் இடி மின்னல். திறந்த ஏரியில் அதற்குள் மாட்டக் கூடாது. எந்தப் படகென்றாலும் காலை ஏழுக்குப் போய் மதியம் ஒன்றுக்கு முன் திரும்புவது என்று எழுதியே வைத்துவிட்டோம்.

இனிப் பாரம். அலுமினியப் படகை வைத்துக் கணக்குப் பார்த்தேன். 24 அங்குல விட்டம், 18 அடி நீளம் கொண்ட ஒரு உருளை முழுக்க அமிழ்ந்தால் ஏறக்குறைய 1,600 கிலோ தாங்கும், முன்முனை கூம்பாக இருப்பதால் சற்றுக் குறையும். இரண்டும் பாதி அமிழ்ந்த நிலையில் மொத்தம் 1,600. படகும் எஞ்சினும் பெற்றோலும் 800 கிலோ என்று வைத்தால், எங்கள் எட்டுப் பேரும் சாமான்களும் 500. சமமாக உட்கார்ந்தால் போதியளவு மிச்சம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் சமமாக உட்கார மாட்டார்கள். வாடகைப் படகில் ஒருமுறை கரையோரம் ஒரு கபரக்கொய்யா (நீர் உடும்பு) நீந்துவதைக் கண்டு மூன்று பேரும் பெரியவர்களும் ஒரே பக்கம் பாய்ந்தோம். அந்தப் பக்கத் தளம் சட்டென்று இறங்கியது எனக்கு இன்னும் ஞாபகம். நல்ல உருளை அதையும் தாங்கும். ஒரு அறையில் ஏற்கனவே தண்ணீர் நிற்கிற உருளை என்றால் அந்தக் கணக்கே செல்லாது. ஃபைபர் படகில் இரண்டு உடல்களுக்கும் இடையே அகலம் கூட. நாங்கள் ஆறு பேர் வேண்டுமென்றே ஒரு ஓரத்தில் நின்று பார்த்தோம், நாலு விரலளவுதான் தாழ்ந்தது.

2021 நவம்பர் 23ஆம் திகதி திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை (ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அதுவும் மிதவைகளின் மேல் தளம் போட்ட ஒன்றுதான். தட்டையான தளம் என்றால் கவிழாது என்ற எண்ணம் எனக்கும் முன்பு இருந்தது. இப்போது எட்டுப் பேருக்கும் அளவான எட்டு உயிர்காப்பு அங்கிகளைப் படகு வாங்குகிற காசிலேயே சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அங்கி சரிவராது, தலைவழியே கழன்றுவிடும். பொல்கொடவில் முதலையும் உண்டு, அதனால் நடு ஏரியில் இறங்கிக் குளிக்கிற பேச்சே இல்லை.

கைப்பிடிக் கம்பியில் ஃபைபர் படகு தோற்றது. அதன் கம்பி சின்ன மகளின் இடுப்புக்குத்தான் வருகிறது, நடுவில் இடைவெளியும் அதிகம். அலுமினியப் படகின் பக்கச்சுவர் அடைப்பாக, பிள்ளையின் நெஞ்சளவு உயரம். இதைச் சரிசெய்யாமல் ஃபைபரில் யாரையும் ஏற்ற மாட்டேன். நல்லவேளை, குழாய் ஒட்டி உயர்த்துவதும் வலை கட்டுவதும் இரண்டு நாள் வேலை.

ஏறி இறங்குவதிலும் அலுமினியமே மேல். அம்மாவுக்கு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. மூன்றாம் தடவை அவரையும் கூட்டிப் போனோம். அலுமினியப் படகின் தளமும் இறங்குதுறையும் ஏறக்குறைய ஒரே மட்டம். அகலமான கதவு, அம்மா வாசற்படி தாண்டுவது போலத் தாண்டிப் போய் உட்கார்ந்தார். ஃபைபர் படகில் முக்கால் அடி உயர விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். அம்மா சீலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கூரைத் தூணைப் பிடிக்க எட்டினார். எட்டவில்லை. அத்தான் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கித்தான் ஏற்றினோம். எனக்கு அந்த இடத்திலேயே மனம் மாறப் பார்த்தது. யாருக்காக வாங்குகிறோமோ அவரே ஏற முடியாத படகு எதற்கு? கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு அம்மா சொன்னார்: "தம்பி, எனக்கு மெத்தையும் வடிவும் வேண்டாம். ஏறேக்க ஒரு பிடி இருந்தால் காணும்."

கூரை பற்றி ஒரு வார்த்தை. துணிக்கூரை வெயிலில் நைந்திருந்தது, மாற்ற வேண்டும். ஆனால் தாழ்ந்த பாலம் வந்தால் மடக்கலாம். நிரந்தரக் கூரையை மடக்க முடியாது, மழைக்கும் உச்சி வெயிலுக்கும் அதுதான் நல்லது. அதன் மேல் யாரும் ஏறக் கூடாது, ஏணியைக் கழற்றிவிடப் போகிறோம்.

பத்திரங்களில் அலுமினியப் படகு இன்னும் முந்திய உரிமையாளர் ஒருவரின் பெயரிலேயே இருந்தது. ஃபைபர் படகின் பதிவு, எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு இரண்டும் விற்பவர் பெயரில். எஞ்சினில் அடித்த இலக்கமும் பற்றுச்சீட்டு இலக்கமும் ஒன்றா என்று பார்த்தோம், ஒன்றுதான்.

ட்ரெய்லரும் வீட்டு முற்றமும் இருந்து, போகும்போது மட்டும் நன்னீரில் இறக்கி, வந்ததும் கழுவிக் காயவைக்கிற குடும்பமென்றால் நான் அலுமினியத்தையே சொல்வேன். பாரம் குறைவு, தளம் தாழ்வு, இருக்கை வசதி. அப்படிப்பட்டவர்களும் தகடு கெடாத, செம்புப் பூச்சு படாத ஒன்றைத் தேட வேண்டும், நாங்கள் பார்த்ததை அல்ல. எங்களைப் போல உவர்நீரில் வருடம் முழுக்கக் கட்டி வைக்கப் போகிறவர்களுக்கு, வடிவு குறைந்தாலும், திறந்து பார்க்கக்கூடிய, ஊர்க் கைகளால் திருத்தக்கூடிய ஃபைபர்தான். அலுமினியத்தில் மாற்ற வேண்டியவை உருளை, தளம், கியர் சீல், மூன்றும் கைக்கடங்காத செலவு. ஃபைபரில் மாற்ற வேண்டியவை கம்பி, மூடி ரப்பர், ஏறும் வாசல். இரண்டு விலைக்கும் இடையிலான வித்தியாசத்தில் இந்த மூன்றையும் செய்து, எட்டு அங்கிகளும் வாங்கி, மிச்சத்தில் ஒரு வருட இறங்குதுறை வாடகையும் கட்டலாம்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது லேசாக இருக்கவில்லை. பெரியவள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. கதிரைகளுக்குப் பதில் என்ன நிறத்தில் இருக்கை போடலாம் என்று அவளிடமே கேட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு முற்பணம் கொடுத்துவிட்டோம். விளிம்பை வெட்டி வாசல் வைக்க மொரட்டுவையிலிருந்து ஒரு பாஸ் வருகிறார். வாசலின் இரண்டு பக்கமும் பிடி வைக்க வேண்டும், எந்த உயரத்தில் என்று அவர் கேட்டார். அன்றிரவு அத்தான் அளவு நாடாவோடு வந்து, அம்மாவைச் சமையலறைக் கதவருகே நிற்க வைத்து, நிலையைப் பிடிக்கச் சொல்லி, கை போன இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். 36 அங்குலம்.